காங்கேயன் இறங்கிய துறை

உல்லாசக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் தரித்து நிற்கும் சில மணித்தியாலங்களுக்குள் பயணிகளை ஊருக்குள் அழைத்துச் சென்று, புறப்படும் நேரத்துக்கு முன்னர் மீளக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாட்டைக் கரையுலா எனலாம். காங்கேசன்துறையைத் தரிப்பிடமாகக் கொண்ட கரையுலா நிரல் ஒன்று இவ்வாரம் இப்பத்தியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. முதிய பெற்றோருடன் வருவோருக்கு உகந்தது என்று தலைப்பில் அறிவித்துக்கொண்ட அந்நிரல், நல்லூர்க் கந்தசுவாமி கோயில், யாழ்ப்பாணப் பொது நூலகம், ஒல்லாந்தர் கோட்டை, காரைநகர்க் கசூரினாக் கடற்கரை ஆகிய நான்கையும் ஒரே பகலுக்குள் அடைத்திருந்தது. முழங்கால் நோகாத இருபது வயதுப் பெடியன்கூட மூச்சு வாங்காமல் அதனை முடிக்க மாட்டான். ஆயினும் இவ்வாரச் சினத்துக்கு அது பாதிக் காரணமே. மீதிப் பாதி, அந்நிரலின் நான்கு பக்கங்களில் எங்கு தேடினும் தெல்லிப்பழை என்ற சொல் காணப்படாமை.

பெயர்ப்பலகைகள் பற்றிய இப்பத்தியின் பழைய முறைப்பாடுகளை வழமையான வாசகர் சலிப்போடு நினைவுகூரக்கூடும். அவர்கள் இந்தப் பத்தியை மட்டும் தாண்டிச் செல்லலாம். காங்கேசன்துறையில் இறங்குபவர் கால் வைப்பது தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவின் மண்ணிலாகும். யாழ்ப்பாண நகரம் அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீற்றருக்கு அப்பால், மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று புகையிரதம் ஒவ்வொரு நிலையமாகத் தொட்டுச் சென்ற பின்னரே வருகின்றது. கடல் கடந்து வருவோருக்குத் தெல்லிப்பழை புதிதும் அன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த தானியேல் பூவர், 1815 ஒக்ரோபரில் நியூபெரிபோர்ட் துறையில் கப்பலேறி 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கி, அவ்வாண்டிலேயே தெல்லிப்பழையைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டவர். இடையில் மதுரைக்கும் தாய்நாட்டுக்கும் சென்று திரும்பினாலும், 1855இல் மானிப்பாயில் கண்மூடும்வரை இத்தீபகற்பத்தோடு அவர் கொண்ட தொடர்பு அறவில்லை. இன்றைய யூனியன் கல்லூரியின் வேர் அந்த மிசன் நிலையத்தில் உள்ளது. இவ்வளவும் இருக்க, கப்பல் வந்து தொடும் ஊரின் பெயரை விழுங்கிவிட்டு, இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தொலைவிலுள்ள நகரத்தின் பெயரால் வரவேற்புக் கூறுவது, வீட்டுக்காரரைப் படலையடியில் நிறுத்திவிட்டு அயலவரிடம் நலம் விசாரிப்பதைப் போன்றது.

இனி, செய்திக்கு வருதல் முறையாகும். சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் தொட்டுக்கொண்டு 2023 ஜூன் 16ஆம் திகதி காங்கேசன்துறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து ‘செரியாபாணி’ என்ற விரைவுப் பயணிகள் படகு ஓடத் தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்று நெருங்கியதால் ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ என்ற படகு அச்சேவையை மீளத் தொடக்கியது. உல்லாசக் கப்பலுக்கும் இப்படகுக்கும் உள்ள வேறுபாட்டை முதியோருடன் வருவோர் முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். படகு கரையில் விட்டுச் செல்லும், பயணி தாம் விரும்பிய நாள்வரை ஊரில் தங்கலாம். உல்லாசக் கப்பலோ மிதக்கும் விடுதி, பெட்டியை ஒருமுறை அவிழ்த்தால் போதும், வைத்தியர் கப்பலிலேயே இருப்பார், ஆனால் ஊர் அவர்களுக்கு ஒரு பகலுக்கு மட்டுமே வாடகைக்குக் கிடைக்கும்.

அந்த ஒரு பகலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. கப்பல் கரைமேடையோடு அணையாத துறைகளில் பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றிக் கரை சேர்ப்பர். கரையேற்றுப் படகு எனத்தக்க அதற்குள், அலையில் ஏறி இறங்கும் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க வேண்டியிருப்பதால், தாமாக எழுந்து சில அடிகள் நடக்க இயலாதவரை அதில் ஏற்றக் கப்பற் பணியாளர் மறுப்பதுண்டு. ஆகவே தரிப்பு எவ்வகையினது என்பதைக் கட்டணம் செலுத்துமுன் கேட்டறிதல் வேண்டும். அணைந்து நிற்கும் துறைகளிலும் கப்பலுக்கும் கரைக்கும் இடையிலான ஏறுபாலத்தின் சரிவு நீர்மட்டத்தோடு மாறும். இறுதி ஏறுநேரம் என்பது கப்பல் புறப்படும் நேரமன்று; அதற்கு அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முந்தியது. கப்பல் நிறுவனமே நடத்தும் கரையுலா தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். சொந்த வாகனத்தில் சென்றவர் தாமதித்தால் பொதுவாகக் காத்திராது. ஒன்பது மணித்தியாலத் தரிப்பில் குடிவரவுச் சோதனைக்கும் வரிசைக்கும் போகவர இரண்டரையும், இறுதி ஏறுநேரத்துக்காக ஒன்றும் கழிய, மிஞ்சுவது ஐந்தரை. எண்பத்தைந்து வயதுத் தாய்க்கு உணவு, குளிசை, மலசலகூடம், ஆறுதலாக அமர்ந்து மூச்சுவிடுதல் என்பவற்றுக்கு இரண்டரை போனால் மூன்று மணித்தியாலம். இதற்குள்தான் அந்நிரல் காரைநகர் போய்த் திரும்பச் சொல்கின்றது.

துறை என்ற சொல்லைச் சற்றே உற்று நோக்கியிருந்தால் அந்நிரலை வகுத்தவர் இவ்வளவு அலைந்திருக்க மாட்டார். தமிழில் துறை என்பது முதலில் நீருக்குள் மனிதர் இறங்கும் இடம்; ஆற்றில் குளிக்க இறங்குவதும், ஆடை வெளுக்க இறங்குவதும், தோணியிலிருந்து கரையில் இறங்குவதும் துறையிலேயே நிகழ்கின்றன. கலங்கள் அணைவதும் மனிதர் நீராடுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கும் பொருத்தத்தைக் காங்கேசன்துறையைப்போல் மெய்ப்பிக்கும் ஊர் வேறு இருக்குமோ என்பது ஐயமே.

மாதகல் மயில்வாகனப் புலவரை மீண்டும் ஒருமுறை அழைத்து வருவதற்கு வாசகர் பொறுத்தருள வேண்டும்; அவரது ‘யாழ்ப்பாண வைபவமாலை’ இப்பத்தியில் இடம்பெறாத மாதங்கள் குறைவு என்ற குற்றச்சாட்டு ஏற்கப்படுகின்றது. ஒல்லாந்தர் காலத்தில் எழுந்த அந்நூலும், அதனை ஒட்டி வழங்கும் கோயில் மரபும் கூறும் கதையில், குதிரை முகம் வாய்க்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி நோய்தீரக் கடல் கடந்து வருகின்றாள். கீரி முகம் கொண்டிருந்து அது நீங்கப்பெற்ற நகுல முனிவர் தவம் செய்த கீரிமலையில் நீராடுகின்றாள். அவளது மா முகம், அதாவது குதிரை முகம், விட்டகன்ற இடம் மாவிட்டபுரம் ஆகின்றது. நன்றிக்கடனாக அவள் எழுப்பிய முருகன் கோயிலுக்குச் சிதம்பரத்திலிருந்து காங்கேயன் என்ற பெயருடைய திருவுருவம் கடல்வழியே வந்திறங்க, கயாத்துறை என்றிருந்த கரை காங்கேயன்துறையாகி, நாவில் தேய்ந்து காங்கேசன்துறை ஆயிற்று. வரலாற்றாசிரியர் இக்கதையை அப்படியே ஏற்பதில்லை, ஏற்கவும் வேண்டியதில்லை. ஆனால் உடல்நலம் குன்றிய ஒருவரை அழைத்துக்கொண்டு இக்கரையில் இறங்கும் பயணம் எவ்வாறு வகுக்கப்படல் வேண்டும் என்பதற்கு அச்சிட்ட நிரல்கள் அனைத்தையும்விடத் தெளிவான வழிகாட்டி அது. இளவரசி கோட்டை பார்க்கப் போகவில்லை. இறங்கிய கரையிலிருந்து அதிகம் விலகாமல், ஓரிடத்தில் தங்கி, நீரில் இறங்கினாள்.

துறைமுகத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீற்றரிலுள்ள கீரிமலையில், அலை வந்து மோதும் விளிம்பை ஒட்டி, நன்னீர் ஊறும் கேணியொன்று இருப்பது புதியவரைத் திகைக்க வைக்கும். யாழ்ப்பாணத் தீபகற்பம் சுண்ணக்கல் படுகை. மாரிமழை அக்கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தேங்கி, நிலத்தடியால் கடலை நோக்கி நகர்ந்து, கரையில் வாய் கண்ட இடத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு இப்பகுதியில் அகழப்பட்டதும் இதே கல்லே. ஆலை 1990இல் நின்றது, அகழ்ந்த பள்ளங்கள் நின்றன. ஒரே கல் ஒரு பக்கம் சீமெந்தையும் மறுபக்கம் தீர்த்தத்தையும் தந்துகொண்டிருந்த நாற்பது ஆண்டுகளை எவரேனும் விரிவாக எழுதினால், இப்பத்தி தன் இடத்தை மகிழ்ந்து ஒதுக்கும்.

கீரிமலைக்கு முதியோர் போக விரும்புவது காட்சிக்காக அன்று. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியிலும் விரதமிருப்பது இம்மண்ணின் வழக்கம். ஆடி அமாவாசையன்று இக்கடற்கரையில் பிதிர்க்கடன் ஆற்றித் தீர்த்தமாடத் திரள்வோர் ஏராளம். கப்பல் அட்டவணை பஞ்சாங்கத்தைப் பார்த்து வகுக்கப்படுவதில்லை என்பதால் அந்நாள் கிட்டாமற் போகலாம். ஆயினும், கனடாவிலோ இலண்டனிலோ முப்பது ஆண்டுகளாக அத்திதிகளை வீட்டுக் குளியலறையில் முழுகிக் கழித்த ஒரு தாய்க்கு, சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் அந்த நீர் காலில் பட்டாலும் போதும்.

எந்த நிரலும் கூறாத சில செய்திகள் இங்குதான் உள்ளன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேணிகள் வெவ்வேறு. எனவே மகனோடு மட்டும் வரும் தாய் வாசலில் தனித்துவிடப்படுவாள், கைபிடித்து இறக்க மகளோ மருமகளோ பேத்தியோ வேண்டும். கேணியின் படிகள் ஈரத்தில் வழுக்கும். சக்கர நாற்காலி மேற்படியோடு நின்றுவிடும். கோயில்களிலோ நேரமும் வெயிலும் சேர்ந்து குறுக்கே நிற்கின்றன. கீரிமலை நகுலேசுவரத்திலும் மாவிட்டபுரத்திலும் தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலிலும், இப்பக்கத்து ஏனைய கோயில்களைப்போலவே, நண்பகற் பூசையின் பின் நடை சாத்தினால் மீளத் திறப்பது மாலையில், அதாவது கப்பல் சங்கூதும் வேளையில். வெறுங்காலோடு நடக்க வேண்டிய வெளிவீதி மணல் பத்து மணிக்கு மேல் கொதிக்கும். நீரிழிவால் பாதம் மரத்துப்போன முதியவருக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் மட்டும் மறுநாள் கப்பலில் தெரியவரும். ஆகையால் கோயிலைக் காலையில், வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்வதே தகும்.

இவற்றுக்கும் மேலாக, தாயின் உள்ளத்தில் வேறொரு தரிப்பிடம் இருக்கும். அதனை அவள் பிள்ளைகளிடம் உடனே சொல்ல மாட்டாள். ‘எம்பிரஸ்’ கப்பல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றியது 1990இல். அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் இப்பகுதியாகிய வலிகாமம் வடக்கின் மக்கள் போரால் உடுத்த துணியோடு வெளியேறினர். அவர்களின் நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. பின்னர் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன, 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் திரும்பியதுபோல. சிலருடைய வளவு இன்னும் வேலிக்கு அப்பால் உள்ளது. விடுவிக்கப்பட்டவர்களுள்ளும் பலருக்கு வளவு என்பது கிணற்றுக்கட்டும் இரண்டு பனையும் மட்டுமே. தாயோடு வரும் பிள்ளைகள் முன்கூட்டியே ஓர் உறவினரைக்கொண்டு அந்த ஒழுங்கை வாகனம் புகுமளவு துப்புரவாக உள்ளதா, கிணற்றடிக்குப் பற்றையின்றிப் போகலாமா என்று பார்த்துவைத்தல் வேண்டும். ஒரு கதிரையை அங்கே போட்டுவைக்கச் சொல்லுதல் இன்னும் நன்று. அக்கதிரையில் தாய் எவ்வளவு நேரம் அமர்ந்திருப்பாள் என்பதை எவரும் முன்னறிந்து கூற இயலாது. மேலே கணக்கிட்ட மூன்று மணித்தியாலத்தில் பாதியை அதற்கென ஒதுக்கி, கோயிலுக்கு அரை மணித்தியாலத்தை எடுத்து, எஞ்சிய ஒன்றைக் கீரிமலைக்குத் தந்தால், நல்லூரும் நூலகமும் அடுத்த பயணத்துக்கு நிற்கும். அவை எங்கும் போய்விடப் போவதில்லை.

கேணிக்குள் இறங்க இயலாத தாய்க்கு ஒரு வழி உண்டு. மகள் உள்ளே இறங்கி ஒரு வாளி நீரை அள்ளிக்கொண்டு வந்து, மேற்படியில் அமர்த்திய தாயின் தலையில் வார்க்கலாம். குழந்தையைக் குளிப்பாட்டுவதைத் தோய வார்த்தல் என்று இவ்வூரார் கூறுவர். அச்சொல் முதியோருக்கும் தாராளமாகப் பொருந்தும். மாற்றுடையும் துவாயும் கப்பலிலிருந்து எடுத்து வரலாம். வாளியை எந்தக் கப்பலும் தருவதில்லை. வளவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தெல்லிப்பழைச் சந்தியில் ஒரு கடையில் அதனை வாங்கிக்கொள்ளலாம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவது நன்று. ஊரின் பெயர் அதிலாவது அச்சாகியிருக்கும்.