கடலில் கிடைக்கும் பங்கு

சென்ற மாதம், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். "சாமி, நான் வேலை பார்க்கும் ஊரில் மீன்பிடிக்க விரும்புவோருக்குப் படகை வாடகைக்கு விடுகிறார்கள். அரைநாள் பயணம், முழுநாள் பயணம், இரவு தங்கி ஆழ்கடல் செல்லும் பயணம் என வகைகள் உண்டு. உவரியில் அப்படி ஒரு படகு கிடைக்குமா?" என்று கேட்டார்.

ஆசையில் தவறில்லை. ஆயினும், நம் கடலிலும் அத்தகைய வகைகள் உண்டு என்று நாம் கூறியபோது அவர் வியந்தார். பொதிகையில் பிறந்து நம் வயல்களை வளர்க்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அங்கிருந்து தெற்கே மணப்பாடு, பெரியதாழை, உவரி, இடிந்தகரை என நீளும் ஊர்கள், 1542இல் புனித சவேரியார் மறைப்பணி தொடங்கிய கடற்கரையைச் சேர்ந்தவை. அவ்வூர் மீனை உண்ணும் நாம், அது வரும் வழியை அறிந்திருக்கிறோமா?

முதலாவது, கரையோரப் பயணம். விடியுமுன் சென்று, வெயில் ஏறுமுன் திரும்புவது. சாளையும் நெத்திலியும் பெரும்பாலும் இவ்வாறு வருபவை. கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள நீரில் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் விதித்தது, நாட்டுப்படகுக்காரரின் இச்சிறு பிழைப்பைக் காப்பதற்கே.

இரண்டாவது, இரவுப் பயணம். மாலையில் சென்று, வலையை விரித்து, நீரோட்டத்தோடு மிதந்து, விடியலில் வாங்குவது. தூண்டில்காரரோ கணவாயையும் சாளையையும் இரையாகக் கோத்து, பாறை, விளமீன் முதலியவற்றுக்காகப் பொறுமையுடன் காத்திருப்பர்.

மூன்றாவது, தங்குகடல். பனிக்கட்டியும் அரிசியும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு பல நாள், சில வேளை பல வாரம், கரை காணாது உழைப்பது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை போன்ற குமரி மாவட்டத்து ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் திரும்பவில்லை. அவர்கள் கரையை விட்டுச் சென்ற பின்னரே எச்சரிக்கை வந்தது. அடக்கம் செய்ய உடலும் கிடைக்காத வீடுகள் அங்கே உண்டு.

இப்பயணங்களில் மாதச் சம்பளம் என்பது அரிது. விற்ற பணத்தில் எண்ணெய், பனிக்கட்டி, உணவுச் செலவு போக எஞ்சியதே படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்காகப் பிரிகிறது. மீன் இல்லையேல் பங்கும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கின்றன. குஞ்சுமீன் பிழைக்க அத்தடை வேண்டும். அந்நாளில் விசைப்படகுத் தொழிலாளியின் அடுப்பும் எரிய வேண்டுமே.

"வாடகைப் படகு பிறகு இருக்கட்டும், ஒருநாள் விடியலில் உவரிக் கரையில் போய் நில்லுங்கள்" என்றோம். சென்று வந்தவர் சொன்னார்: "சாமி, ஒரு படகில் எண்ணெய்ச் செலவுக்குக்கூட மீன் இல்லை. அவர்கள் ஒன்றும் பேசவில்லை. வலையை உதறிச் சீர்செய்துவிட்டு, 'இன்று இரவும் போவோம்' என்றார்கள்."

இராயப்பரும் அப்படித்தான் இரவெல்லாம் பாடுபட்டு, ஒன்றும் கிடைக்காமல் வலையை அலசிக்கொண்டிருந்தார். அந்த வெறும் படகில்தான் நம் ஆண்டவர் ஏறி அமர்ந்தார். முதலில் கரையிலிருந்து சற்றுத் தள்ளச் சொன்னார். பின்னர் ஆழத்துக்கு அனுப்பினார்.

அன்புக் குடும்பங்களே, ஞாயிறன்று திருப்பலிக்காகக் கடலுக்குப் போகாமல் அன்றைய வரவை விட்டுவிடும் கடலோர ஊர்கள் பல. நாமோ திருப்பலி முடிந்து சந்தைக்குச் சென்று, கூடையைச் சுமந்துவந்த தாயிடம் பத்து ரூபாய்க்கு வழக்காடுகிறோம். விலை கேட்பதில் குற்றமில்லை. ஆனால் அம்மீன் எந்தப் பயணத்தில் வந்தது என்பதையும் ஒரு கணம் எண்ணுவோம். இன்றிரவு குடும்பச் செபத்தில் கடலில் இருப்போருக்காக ஒரு மன்றாட்டையும் சேர்ப்போம்.

கடற்கரையில் உழைப்பின் கூறுக்குப் பங்கு என்று பெயர். நம் திருச்சபையில் விசுவாசிகளின் குடும்பத்துக்கும் பங்கு என்றே பெயர். ஒருவர் பங்கில் மற்றவருக்கு அக்கறை இல்லையேல், நாம் எப்படி ஒரு பங்காவோம்?