வெறுங்காலின் மேல் பழி

கம்பம் பள்ளத்தாக்கில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நாம் ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நமது கோஷ்டி பிரான்ஸிடம் 2-1 கணக்கில் தோற்றது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாததே காரணம் என்பர் சிலர். பாவம், கால் என்ன செய்யும்! சாரங்கபாணி ராமன் கோல் போட்டுச் சமன் செய்தாரே! கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் அல்லவா வீணாக்கினோம்? ஆட்டம் முடியும் தறுவாயில் பிரெஞ்சுக்காரர் வென்றுவிட்டனர்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பின்னால் நின்று காக்கும் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். இறுதிப் பந்தயத்தில் அவரும் ஒரு கோல் போட, தென்கொரியாவை 2-1 என வென்றோம். அதே கொரியாவிடம் சில தினங்களுக்கு முன்புதான் 2-0 என்று தோற்றிருந்தோம்.