கல்லறைக்குக் காவல் உண்டு, மையவாடிக்கு?

பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைத் தேடிப் போகிறவர்களுக்குக் கோட்டை தென்படுவதில்லை. முள்ளும் புதரும் மண்டிய காடுதான் தெரியும். ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் இடிந்த செங்கல் மேடுகள் காலில் தட்டும். 1613-ல் டச்சுக்காரர்கள் எழுப்பி, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் தலைமையிடமாக வைத்திருந்த கோட்டை இது.

அருகிலேயே டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள், உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள், 17-ஆம் நூற்றாண்டின் டச்சு எழுத்துகள். கல்பாக்கம் அருகே சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக் கோட்டைக்குள் இதே போன்ற கல்லறைகள் உள்ளன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

இரண்டு இடங்களிலும் உறங்குகிறவர்களுக்கு இங்கே வாரிசு இல்லை. பூ வைக்கவும், ஜெபிக்கவும், புல் வெட்டவும் அவர்கள் குடும்பத்தார் யாரும் வருவதில்லை. ஆனாலும் ஒரு கல்லைக்கூட யாரும் தூக்கிச் செல்ல முடியாது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அவை இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்கிறது சட்டம். இது நல்ல காரியம்தான், இதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை.

கேள்வி வேறு. அதே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே வாழும் முஸ்லிம் சமுதாயம் உண்டு. அந்த ஊர்க் கட்டம் போட்ட துணி கடல் கடந்து போனதால்தான் மலேசியாவில் இன்றைக்கும் கைலியைக் ‘காயின் பெலிகாட்’ என்கிறார்கள். பெலிகாட் என்பது பழவேற்காட்டின் பெயர். துணியின் பெயரில் ஊர் நிலைத்துவிட்டது. அந்தத் துணியை நெய்தவர்களும் விற்றவர்களும் கப்பலேற்றியவர்களும் அடங்கிய மண்ணுக்கு இன்று என்ன ஆவணம் இருக்கிறது? பழவேற்காடு மட்டுமல்ல, காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர் என்று தமிழகத்தின் பழைய ஊர்கள் அனைத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

பெரும்பாலான பழைய மையவாடிகளுக்கு வக்ஃபு பத்திரம் கிடையாது. யாரோ ஒருவர் வாய்மொழியாகக் கொடுத்த நிலத்தில் ஊர் தலைமுறை தலைமுறையாக அடக்கம் செய்து வந்திருக்கும். இதைத்தான் சட்டம் ‘பயன்பாட்டின் வழி வக்ஃபு’ என்று ஏற்றுக்கொண்டிருந்தது. 1995 வக்ஃபு சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பயன்பாடு நின்று எவ்வளவு காலம் ஆனாலும், அந்தக் காரணத்தால் மட்டும் வக்ஃபு என்ற தகுதி போய்விடாது என்றது. ஜனாஸா வருவது நின்றுபோய், கருவேலம் முளைத்து, மீசான் கற்கள் மண்ணுக்குள் இறங்கிவிட்ட மையவாடிகளுக்கு அந்த ஒரு வரிதான் வேலியாக இருந்தது.

2025 ஏப்ரல் 8 அன்று நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டம் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டது. அந்தத் தேதிக்கு முன் பதிவான பயன்பாட்டு வக்ஃபுகள் மட்டும் நீடிக்கும். அவற்றிலும் தகராறில் உள்ளவையும் அரசு நிலம் எனப்படுபவையும் விலக்கு. இந்த ‘அரசு நிலம்’ என்ற சொல்லில்தான் நமது மையவாடிகள் மாட்டிக்கொள்கின்றன. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் பல அடக்கஸ்தலங்கள் ‘புறம்போக்கு’ என்ற தலைப்பின் கீழ் உள்ளன. அன்றைய கணக்கர் வசதிக்காக எழுதிய சொல், இன்று உரிமைக்கே எதிராக நிற்கலாம்.

இதைவிடக் குறைவாகப் பேசப்பட்ட மாற்றம் 107-ஆவது பிரிவு. வக்ஃபு சொத்தை மீட்க வழக்குப் போடுவதற்கு முன்பு காலவரம்பு இல்லை. இப்போது காலவரம்புச் சட்டம் பொருந்தும். பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவர் எதிரனுபவத்தில் இருந்துவிட்டால் மீட்பது கடினம். ஆக்கிரமிப்பாளர் முதலில் தேடுவது ஆள் நடமாட்டம் இல்லாத மையவாடியைத்தான்.

உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று அளித்த இடைக்கால உத்தரவில் சில ஆறுதல்கள் உண்டு. நிலம் அரசுடையதா என்பதை அரசு அதிகாரியே தீர்மானிக்கும் பிரிவு நிறுத்தி வைக்கப்பட்டது. தீர்ப்பாயம் முடிவு செய்யும் வரை வக்ஃபு நிலத்திலிருந்து யாரையும் வெளியேற்றக் கூடாது, முத்தவல்லியும் அதில் மூன்றாம் நபருக்கு உரிமை உண்டாக்கக் கூடாது. ஆனால் பயன்பாட்டு வக்ஃபு நீக்கத்துக்கும் காலவரம்புக்கும் தடை கிடைக்கவில்லை. உமீத் தளத்தில் விவரம் ஏற்ற அளித்த ஆறு மாதக் கெடுவை நீட்டிக்கவும் டிசம்பர் 1-ல் நீதிமன்றம் மறுத்து, தீர்ப்பாயத்தை அணுகச் சொல்லிவிட்டது.

நீதிமன்றத்தில் என்ன எடுபடும் என்பதற்கு இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். தமிழகத்திலிருந்து போன சையது முகமது சாலி லெப்பை வழக்கில் 1976-ல் உச்ச நீதிமன்றம், நெடுங்காலம் பலர் அடக்கம் செய்யப்பட்டது நிரூபணமானால் தனியார் நிலமும் பொது மையவாடி ஆகிவிடும் என்றது. 2022-ல் ராஜஸ்தானின் பில்வாரா வழக்கில் அதே நீதிமன்றம், அர்ப்பணிப்புக்கோ பயன்பாட்டுக்கோ ஆதாரம் இல்லாமல் வெறும் இடிந்த சுவரையும் மேடையையும் வைத்து வக்ஃபு என்று சொல்ல முடியாது என்றது. இரண்டையும் பிரிப்பது ஆதாரம் மட்டுமே.

பெரும்பாலான ஜமாஅத்களில் நிக்காஹ் பதிவேடு நேர்த்தியாக இருக்கும், அடக்கப் பதிவேடு இருக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதான். இதற்கு வாரியத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புல எண்ணும் நில அளவை வரைபடமும் எடுத்து, பழைய வக்ஃபு சர்வே வெளியான அரசிதழில் ஊர்ப் பெயரைத் தேடி, மீசான் கற்களை எழுத்துத் தெரியும்படி புகைப்படம் எடுப்பது நாலு இளைஞர்களுக்கு ஒரு வார வேலை. யார் யார் எங்கே அடங்கியிருக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் சத்தியப்பிரமாண வாக்குமூலமாக வாங்கி வைப்பது அதைவிட அவசரம். அந்தச் சாட்சியை பிறகு எந்த அலுவலகத்திலும் நகல் எடுக்க முடியாது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள், இப்போது பரந்தூர் விமான நிலையத் திட்டம் என்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் நிலத்தின் விலை எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜியாரத்துக்கு ஆள் போகாத மையவாடி அந்தப் பக்கம் எங்காவது இருந்தால், அந்த ஊர் ஜமாஅத் அடுத்த ஜும்ஆவுக்கு முன் அதன் புல எண்ணையாவது கண்டுபிடித்துவிட வேண்டும்.