மந்த வாயு அல்ல, நிறை வாயு!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

'மந்த வாயுக்கள்' என்ற சொல்லை வகுப்பில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹீலியமும் நியானும் நினைவுக்கு வருவதில்லை. எட்டாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானே நினைவுக்கு வருகிறேன். பதில் தெரிந்தும் எழுந்து சொல்ல நா எழாத என்னை, "இது மந்தம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அந்தச் சொல்லை உதறி எறிய எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஆகவே, இந்த வாயுக்களுக்காக வழக்காட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் ஆகிய ஆறும் இன்று தனிம வரிசை அட்டவணையின் வலக்கோடியில், 18ஆம் தொகுதியில் வீற்றிருக்கின்றன. ஆனால் 1869இல் மெண்டலீஃப் அட்டவணை அமைத்தபோது இவற்றுக்கு அங்கே இடமே இல்லை. அப்போது கண்டறியப்படாத வேறு சில தனிமங்களுக்குக்கூட அவர் காலிக் கட்டம் விட்டு வைத்தார். இவற்றுக்கோ அதுவும் இல்லை!

இவை எங்கோ ஒளிந்திருந்தனவா? இல்லை. நாம் இழுக்கும் மூச்சில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான். 1785இலேயே காவெண்டிஷ் காற்றிலிருந்து நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நீக்கிப் பார்த்தபோது, எதனோடும் சேராத ஒரு சிறு குமிழி எஞ்சி நின்றது. நூறாண்டுகளுக்கு மேல் அந்தக் குமிழியைப் பொருட்படுத்துவார் இல்லை. பின்னர் ராலே பிரபு நைட்ரஜனை நிறுத்துப் பார்த்தார். காற்றிலிருந்து எடுத்தது லிட்டருக்கு 1.257 கிராம், சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.251 கிராம். இந்த ஆறு மில்லிகிராம் வேறுபாட்டை அவர் பிழையென்று தள்ளிவிடவில்லை. ராம்சேயும் அவரும் முயன்று 1894இல் ஆர்கானை உலகுக்கு அறிவித்தனர். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்குச் 'சோம்பேறி' என்று பொருள். பிறந்த அன்றே பழிச்சொல்!

மெண்டலீஃப் முதலில் இதை நம்பவில்லை. மூன்று அணுக்கள் சேர்ந்த நைட்ரஜனாக இருக்கலாம் என்று ஐயுற்றார். அடுத்த ஆண்டு ஹீலியமும், 1898இல் கிரிப்டான், நியான், செனான் ஆகியவையும் ராம்சேயின் ஆய்வகத்தில் வரிசையாக வெளிப்பட்டன. இறுதியில் அட்டவணையே நகர்ந்து இடம் கொடுத்தது. புதிதாகப் 'பூஜ்ஜியத் தொகுதி' என்ற பத்தி சேர்க்கப்பட்டது. மெண்டலீஃபும் அதை ஏற்றார். அட்டவணை இதனால் சிதையவில்லை, முழுமை பெற்றது.

ஹீலியத்தின் கதை இன்னும் சுவையானது. அதற்கு இருப்பவை இரண்டே எலக்ட்ரான்கள். எலக்ட்ரான் அமைப்பை மட்டும் பார்த்தால் பெரிலியத்துக்கு மேலே உட்கார வேண்டும். அப்படி வைக்க வேண்டும் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஆயினும் அதன் குணத்தைப் பார்த்து நியானுக்கு மேலே இடம் தந்திருக்கிறார்கள். பிறப்பைப் பாராமல் குணத்தைப் பார்த்து இருக்கை தரும் இந்தப் பண்பை நம் சமுதாயமும் கற்றுக்கொண்டால் எவ்வளவு நலம்!

"வினையே புரியாத வாயுவை மந்தம் என்றால் என்ன தவறு?" என்று நண்பர்கள் கேட்கலாம். வினையே புரியாது என்பதுதான் முதல் தவறு. செனான் ஃபுளூரினோடு சேரும் என்று 1933லேயே பாலிங் கணித்தார். அப்போது செய்த சோதனை வெற்றி பெறவில்லை. 1962இல் கனடாவில் நீல் பார்ட்லெட், ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிக்கவல்ல பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு செனானிடமிருந்தும் பறிக்கும் என்று எண்ணினார். இரண்டின் அயனியாக்கும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரு வாயுக்களும் கலந்த உடனே மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது! அதன் பிறகு, செனானையும் ஃபுளூரினையும் உலர்ந்த கண்ணாடிக் குடுவையில் அடைத்து வெயிலில் வைத்தாலே செனான் டைஃபுளூரைடு உண்டாகும் என்பதும் தெரியவந்தது. வெயிலில் நடக்கும் வினையைக் காண அத்தனை ஆண்டுகள் ஆனதற்கு, 'இது மந்தம், இதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை' என்ற எண்ணம் ஊறிப்போனதும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இரண்டாவது தவறு, சேராமல் இருப்பதைக் குறையென்று நினைப்பது. என் தந்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். 'ஆர்கான் வெல்டிங்' என்பது எங்கள் வீட்டில் அன்றாடச் சொல். கல்லூரியில் சேர்ந்த புதிதில், "ஆர்கான் ஒரு மந்த வாயுப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "மந்தமா? அது எதோடயும் சேராம நிக்குறதாலதான் உருகின இரும்புகிட்ட காத்து வராம காவல் காக்குது. அது இல்லேன்னா ஒட்டு பொத்தலாப் போயிடும்" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆனால் அன்று பாடம் நடத்தியவர் அவர்தான்.

வேறு என்ன பெயர் வைக்கலாம்? 'அரிய வாயு' பொருந்தாது. காற்றில் கரியமில வாயுவைவிட ஆர்கானே மிகுதி. 'உயர்குடி வாயு' என்பதில் பிறப்பின் வாடை வீசுகிறது. வெளிக்கூடு நிறைந்திருப்பதே இவற்றின் அமைதிக்குக் காரணம். நிறைகுடம் தளும்பாது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே! 'நிறை வாயு' என்று அழைத்தால் பெயரிலேயே பாடமும் அடங்கிவிடும்.

பெயரை மாற்றினால் வாயு மாறுமா? மாறாது. பார்க்கும் கண் மாறும். நம் வகுப்பிலும் கடைசிப் பெஞ்சில் வாய் திறவாத சிலர் இருக்கிறார்கள். தோழர்களே, அவர்களை மந்தம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் இன்னும் தமக்குரிய ஃபுளூரினைச் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்!