கேட்டைத் தாண்டிய பிறகு

பொறியியல் கல்லூரிகள் நிறைந்த நம் ஊர்களில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஏதோ ஒரு மாடியில் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ என்ற பலகை தொங்கும். உள்ளே போனால் முதலில் டைட்டில் பட்டியலை நீட்டுவார்கள். எந்த வருஷத்து ‘பேஸ் பேப்பர்’ வேண்டும், பைத்தானா ஜாவாவா, ரிப்போர்ட்டும் சேர்த்தா, வைவாவுக்குச் சொல்லித் தரணுமா என்று தையற்கடையில் அளவெடுப்பதுபோலக் கேட்பார்கள். வருகிறவர்கள் எல்லாம் கடைசி வருஷ பி.இ. பிள்ளைகள் என்று எண்ண வேண்டாம். எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களும் அந்தப் படிகளில் ஏறுகிறார்கள்.

இந்தப் பட்டத்துக்குள் நுழைய நாம் வைத்திருக்கும் காவலைப் பார்த்தால் இது விந்தையாகத் தோன்றும். ஐஐடிக்களும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்தும் ‘கேட்’ தேர்வில் 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். பொதுத்திறனுக்கு 15 போக மீதியெல்லாம் பாடம்: டிஸ்க்ரீட் கணிதம், ஆட்டோமேட்டா, கம்பைலர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க். சில கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்க விடைகளே தரமாட்டார்கள். எண்ணைக் கணக்கிட்டு எழுத வேண்டும். குருட்டாம்போக்கு அங்கே செல்லாது. கேட் எழுதாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் முன்பு டான்செட், 2023 முதல் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா.

கேட் மோசமான தேர்வு என்று நான் சொல்ல மாட்டேன். நாட்டில் நடக்கும் நுழைவுத் தேர்வுகளில் அது நேர்மையானதும்கூட. ஆனால் அதில் மேலே வருகிறவர்கள் நம் எம்.இ. வகுப்புக்கு வருவதில்லை. ஐஐடி, என்ஐடி ஒரு பக்கம் இழுக்கும். அதே மதிப்பெண்ணைப் பார்த்து ஆளெடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் மறுபக்கம் இழுக்கும். கேட் தேறி எம்.இ. சேர்ந்தவருக்கு ஏஐசிடிஇ தரும் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். ஆராய்ச்சி மாணவருக்கான ஜேஆர்எஃப் 2023-இல் 37,000 ஆனது. பி.இ. முடித்த கையோடு ஐடி வேலைக்குப் போன நண்பனின் சம்பளத்தை அந்த 12,400-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட மனம் வராது.

அப்படியானால் சாதாரண தனியார் கல்லூரியில் எம்.இ. சேர்கிறவர் யார்? பெரும்பாலும் கல்லூரி வாத்தியார் வேலையை நினைத்து வருகிறவர். பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முதுகலைப் பட்டம் கட்டாயம். ஆக, நாளைக்குக் கம்பைலர் நடத்தப்போகிறவரைத்தான் இங்கே உருவாக்குகிறோம். அவர் என்ன கற்றுக்கொண்டு வெளியே போகிறார் என்பதைப் பற்றித்தான் நமக்குக் கவலையே இல்லை.

நான்கு செமஸ்டர் படிப்பில் மூன்றாவதில் ப்ராஜெக்ட் ஃபேஸ் ஒன், நான்காவதில் ஃபேஸ் டூ. பட்டத்தின் கனம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. புறத்தேர்வாளர் காலையில் வருவார், மாலை பஸ்ஸுக்குள் எல்லோரையும் முடித்தாக வேண்டும். அப்படி நான் போயிருந்த ஒரு கல்லூரியில், நெட்வொர்க் ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட் செய்த மாணவரிடம், கோடைத் திறந்து ஒரே ஒரு எண்ணை மாற்றி ஓட்டிக் காட்டச் சொன்னேன். மவுஸ் அசையவில்லை. “சார், அது நாலாவது மாட்யூல்ல வரும்” என்றார் கைடு. முதல் வகுப்பு கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். எனக்கும் அதில் பங்கு உண்டு.

வேறு மாதிரியும் செய்யலாம். அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் இணையவழி எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் தொடங்கியது. மொத்தச் செலவே சுமார் 7,000 டாலர். தகுதியுள்ள எவரையும் சேர்த்துக்கொள்வது என்ற கொள்கை. உள்ளே போன பிறகுதான் பிடி இறுகும். முதல் 12 மாதங்களுக்குள் அடிப்படைப் பாடங்கள் இரண்டில் ‘பி’ கிரேடாவது எடுக்க வேண்டும். பத்துப் பாடங்கள், 30 கிரெடிட், மொத்தச் சராசரி 3.0-க்குக் குறையக் கூடாது. நுழைவுத் தேர்வு செய்ய வேண்டிய வேலையை அங்கே பாடங்களே செய்துவிடுகின்றன.

அமெரிக்கா வரை போக வேண்டாம், கிண்டியிலேயே இருக்கிறது. இளநிலைப் படிப்புதான் என்றாலும் ஐஐடி மெட்ராஸ் 2020-இல் அறிவித்த டேட்டா சயின்ஸ் பட்டத்துக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரம் பாடம் நடத்தி, வாராவாரம் அசைன்மென்ட் வாங்கி, அதே பாடத்தில் தேர்வு வைத்து உள்ளே விடுகிறார்கள். பாதியில் நின்றாலும் எட்டிய படிக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும்.

எம்.இ.க்கும் இதையே செய்யலாம் என்பது என் கட்சி. நுழைவைத் தளர்த்துங்கள். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு வேலையில் இருந்துகொண்டே சொந்தமாக அல்காரிதம் கற்றவரையும் விடுங்கள். முதல் செமஸ்டரில் அல்காரிதமும் ஆபரேட்டிங் சிஸ்டமும் நல்ல கிரேடில் தேறாதவர் மேலே போகக் கூடாது. ப்ராஜெக்ட்டுக்குத் தேர்வாளர் முன்னால் உட்கார்ந்து கோடை மாற்றிக் காட்டும் தேர்வு வேண்டும். கேட்டால் கோடு எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ப்ராஜெக்ட் சென்டருக்கு மாடியேற வேண்டிய சிரமமும் இல்லை. அது போனுக்குள்ளேயே இருக்கிறது. ரிப்போர்ட்டைப் புரட்டி மதிப்பெண் போடும் பழக்கம் இனி எதையும் அளக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முதல் செமஸ்டரில் ஒரு பையனை நிறுத்தினால், நகையை அடகு வைத்து வருஷக் கட்டணம் கட்டிய அவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? ஜார்ஜியா டெக்கில் பாடத்துக்குப் பாடம் பணம் கட்டுவதால் நடுவில் நிற்பவருக்கு நஷ்டம் குறைவு. இங்கே சேர்க்கை நாளிலேயே ஆண்டுக் கட்டணம், ஹாஸ்டல், பஸ் என்று மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய பிறகு யாரையும் தோற்கடிக்கக் கல்லூரிக்கும் மனமில்லை, தேர்வாளருக்கும் மனமில்லை. கட்டணத்தைப் பாடவாரியாகப் பிரிக்காமல் நான் மேலே சொன்ன எதையும் தொடங்க முடியாது. அதைப் பற்றிப் பேச எந்தக் கல்லூரி நிர்வாகமும் இதுவரை என்னை உட்காரச் சொன்னதில்லை.