‘வலிச்சா பாத்துக்கலாமுங்க’: சொத்தைப் பல் விஷயத்தில் கோவைக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான்!

சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் ஐடி அலுவலகங்களை ஒட்டிய பேக்கரிகளில் சாயங்காலம் நின்று பாருங்கள். டீ, தேங்காய் பன், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு டீ. கடைவாய்ப் பல்லில் கருப்பாக ஒரு புள்ளி இருப்பது பலருக்கும் தெரியும். கேட்டால், ‘வலிச்சா பாத்துக்கலாமுங்க’ என்பார்கள்.

சிக்கலே அந்தப் பதிலில்தான். பல்லின் மேல் ஓடான எனாமலில் நரம்பே கிடையாது. அது கரையும்போது வலிக்காது. இனிப்பைத் தின்னும் பாக்டீரியா அமிலத்தை வெளியிடும். பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் அடுத்த டீ! (நாட்டுச்சர்க்கரை போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பாக்டீரியாவுக்கு எல்லாம் ஒண்ணுதான்.)

அடுத்த அடுக்கான டென்டினைச் சொத்தை தொட்டால் கூச்சம் வரும். பற்கூழ் வரை போனால்தான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் அந்த வலி. அப்போது வெறும் அடைப்பு பெரும்பாலும் போதாது. ரூட் கெனால், மேலே கேப் என்று செலவு பல மடங்காகும். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். ஓட்டை அப்படியே இருக்கும்.

எதை வைத்து அடைப்பது? அப்பா, அம்மா பல்லில் வெள்ளி நிறத்தில் தெரிவது அமால்கம். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். நல்ல நிலையில் இருந்தால் பயந்துபோய்த் தோண்டி எடுக்கத் தேவையில்லை. எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும். கவலை, அது மண்ணிலும் நீரிலும் கலப்பதில் இருக்கிறது. 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையால் தமிழ்நாடு பட்டது போதாதா? மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-ல் ஏற்றது. 2034-க்குள் அமால்கத்துக்கு விடைகொடுக்க ஒப்பந்த நாடுகள் 2025 நவம்பரில் முடிவெடுத்தன.

நல்ல முடிவுதான். ஆனால், பில் யாருக்கு? பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட்டை ஈரம் படாமல், அடுக்கடுக்காக வைத்து நீல ஒளியில் இறுக்க வேண்டும். நேரமும் காசும் கூடுதல். கிளாஸ் அயனோமர் ஃப்ளோரைடு தரும், விலையும் குறைவு. ஆனால் மெல்லும் இடத்தில் சீக்கிரம் தேயும்.

கோவை, திருச்செங்கோடு, குமாரபாளையம் என்று கொங்கு மண்டலத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அரசுக் கல்லூரிகளோ சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில். ஐடி ஊழியர் கார்டைத் தேய்த்துவிடுவார். திருப்பூரில் ஷிஃப்ட் முடித்து வரும் பனியன் தொழிலாளி? அமால்கம் போவதற்கு முன்பே, பக்கத்து அரசு மருத்துவமனைகளில் மாற்றுப் பொருள்களும் அதற்கான ஆட்களும் தட்டுப்பாடில்லாமல் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குக் கட்டுப்படியாகிற ஒரே வைத்தியம், பல்லைப் பிடுங்குவதாகவே இருக்கும்.