உரிமம் கேட்பது அவமதிப்பு அன்று

புலம்பெயர்ந்து கனடாவில் கால்பதிக்கும் தமிழர் முதலில் நாடுவது ஊரவரையே. வீடு தேடித் தருபவரும் வேலைக்கு வழிகாட்டுபவரும் அவரே. அந்த ஊரவரே பணம் பெற்றுக்கொண்டு குடிவரவு விண்ணப்பத்தையும் நிரப்பத் தொடங்கும்போதுதான் ஆபத்து ஆரம்பமாகின்றது.

கனடியக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆவது பிரிவு இதற்கு எல்லை வகுத்துள்ளது. கட்டணம் பெற்று ஆலோசனை வழங்க உரிமை பெற்றோர் முதன்மையாக மூவகையினர்: மாகாணச் சட்டச் சங்கங்களின் சட்டத்தரணிகளும் பாராலீகல்களும், கியூபெக் நொத்தாரிசுகள், குடிவரவு ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறைக் கல்லூரியில் உரிமம் பெற்றோர். ஒன்ராறியோவில் பாராலீகல்களுக்கு உரிமம் வழங்கும் முறை 2007இல் நடைமுறைக்கு வந்தது. ஆலோசகர் கல்லூரி 2021இல் இயங்கத் தொடங்கியது.

இது சட்டத்தரணிகளின் வருவாயைக் காக்கும் வேலி என்பர் சிலர். அக்கூற்று முழுமையானதன்று. சட்டத்தரணி அல்லாதோருக்கும் இச்சட்டம் கதவு திறந்துள்ளது. தகுதியையும் பொறுப்புக்கூறலையும் மட்டுமே அது கோருகின்றது. உரிமம் நேர்மைக்கு முழு உத்தரவாதம் அன்று என்பதும் உண்மையே. ஆயினும், உரிமம் பெற்றவர் தவறிழைத்தால் முறையிட ஓர் அமைப்பு உண்டு. அவரது உரிமத்தைப் பறிக்கவும் இயலும். உரிமமற்றவரோ, "நான் எழுதவில்லை" என்று ஒதுங்கிவிடுவார். படிவத்தில் இருப்பது விண்ணப்பதாரரின் கையொப்பம். முக்கிய விடயம் திரித்துக் கூறப்பட்டதெனத் தீர்மானிக்கப்பட்டால், 5 ஆண்டுத் தடையைச் சுமப்பவரும் அவரே. அகதிக் கோரிக்கையில் பிறர் புனைந்து சேர்த்த ஒரு வரி, உண்மையான துயரத்தையும் பொய்யாகத் தோன்றச் செய்துவிடும்.

இங்கே இளையோரின் கடமை பெரிது. பெற்றோருக்கோ உறவினருக்கோ பணம் பெறாது படிவம் நிரப்ப உதவுவது குற்றமன்று. அதனினும் மேலான உதவி, ஆலோசகரின் பெயரைச் சட்டச் சங்கத்தின் அல்லது கல்லூரியின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்ப்பதாகும். எழுத்து மூல ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, அனுப்பப்பட்ட ஆவணங்களின் பிரதி ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும். தமிழில் வாசித்து விளக்கப்படாத எந்தப் பக்கத்திலும் பெற்றோர் கையொப்பமிடலாகாது.

ஊரவர் என்ற உரிமை உறவுக்குரியது. அது சட்டத் தொழிலுக்குரிய உரிமம் ஆகாது. உரிம இலக்கத்தைக் கேட்டால் நல்ல ஆலோசகர் முகம் சுளிக்க மாட்டார். சுளிப்பவரிடம் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை ஒப்படைக்கலாமா?